அளக்கும் கை யாருடையது? – புகுஷிமா கரையோரம் ஒரு பயணம்

இவாகி, ஓனஹாமா துறைமுகம்

தோக்கியோவிலிருந்து வடகிழக்கே கடலை ஒட்டி ஏறும் ஜோபான் ரயில்பாதையில் இவாகியை நெருங்கும்போது, ஒரு பக்கம் அபுகுமா மலையும் மறுபக்கம் பசிபிக் கடலும் நெருங்கி வந்து, நடுவில் ஒரு பட்டையளவு நிலத்தைத்தான் விட்டுவைக்கின்றன. தலைநகரத்துக்கு எரிபொருள் கொடுத்தே பழகிய நிலம் இது. முதலில் ஜோபான் சுரங்கங்களின் நிலக்கரி போனது. பிறகு வடக்கே புகுஷிமா தாயிச்சி நிலையத்திலிருந்து அணுமின்சாரம் போனது. நிலையம் தெப்கோ என்னும் தோக்கியோ மின்நிறுவனத்துடையது. அதன் மின்சாரம் தலைநகர வட்டாரத்துக்குப் போக, உள்ளூர் வீடுகளுக்கு வேறொரு நிறுவனம் மின்சாரம் தந்தது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி, மூன்று உலைகள் உருகிய பிறகு, மின்சாரம் போன திசைக்கும் கதிரியக்கம் படிந்த திசைக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. இந்தக் கரையோரம் போகிறவர்கள் பெரும்பாலும் பாழடைந்த ஊர்களைப் பார்க்கப் போகிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே மனிதர்கள் அளந்துகொண்டே வாழ்கிறார்கள் என்பது. அணுமின் நிலையத்தின் அருகில் வாழ்பவர், தன்மேல் எவ்வளவு கதிர் விழுகிறது என்பதை யார் சொல்லி நம்ப வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதினைந்து ஆண்டு அனுபவத்தோடு விடை சொல்லக்கூடிய நிலப்பரப்பு இது.

ஓனஹாமாவில் சாப்பாட்டுத் தட்டிலேயே விடையின் முதல் பகுதி இருக்கிறது. குளிர் நீரோட்டமும் வெப்ப நீரோட்டமும் சந்திக்கும் கடல் என்பதால் இங்கே பிடிபடும் மீனுக்கு ‘ஜோபான் சரக்கு’ என்று சந்தையில் தனி மதிப்பு. ஹிராமே என்ற தட்டை மீனை மெல்லிய துண்டுகளாகச் சீவி, பச்சையாகவே சோயா சாறில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். இவாகி தன் நகர மீனாக அறிவித்திருக்கும் மெஹிகாரி, விரல் நீளத்தில் பச்சைக் கண் மின்னும் சிறு மீன். மாவில் தோய்த்துப் பொரித்து, நம்மூர் நெத்திலி வறுவல்போல முள்ளோடு கடித்துத் தின்னலாம். விபத்துக்குப் பின் நின்றுபோன கடல் தொழில், 2012 ஜூனில் சோதனை மீன்பிடிப்பாக மீண்டும் தொடங்கியது. மீனில் கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் வரை இருக்கலாம் என்பது அரசின் வரம்பு. புகுஷிமா மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது அதில் பாதி, 50 பெக்கரல். சந்தைக் கட்டடத்திலேயே உள்ள சோதனை அறையில், கரை இறங்கும் மீன்வகைகளின் மாதிரியை எடுத்துத் தோல், முள் நீக்கி, சதையைக் கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தி, கிண்ணத்தில் இடைவெளி இல்லாமல் அமுக்கி நிரப்பி, ஈயச் சுவருள்ள கருவிக்குள் வைக்கிறார்கள். எண் வந்த பிறகுதான் ஏலம். 2021 பிப்ரவரியில் ஒரு குரோசோய் மீனில் 500 பெக்கரல் இருப்பது தெரிந்ததும் அந்த வகையை விற்பனையிலிருந்து நிறுத்தியவர்களும் இவர்களே. தங்கள் பிழைப்பைக் கெடுக்கக்கூடிய எண்ணை இவர்களே வெளியிட்டதுதான், மற்ற நாள்களில் இவர்கள் சொல்லும் குறைந்த எண்ணுக்கு மதிப்பைத் தந்தது.

அதே நகரத்தில், 2011 நவம்பரில் தாய்மார்கள் சிலர் கூடித் தொடங்கிய ‘தாராச்சினே’ என்ற அளவீட்டுக் கூடம் இருக்கிறது. அறிவியல் படிக்காதவர்கள் தொடங்கிய இடம். வீட்டுத் தோட்டத்துக் காய், குழந்தை விளையாடும் மண், கடல்நீர் என்று எதைக் கொண்டுவந்தாலும் அளந்து சொல்கிறார்கள். சீசியம் காமாக் கதிர் விடுவதால் மாதிரியை அப்படியே கருவியில் வைத்துவிடலாம். ஸ்ட்ரான்ஷியம்-90 அப்படி இல்லை. மாதிரியை உலர்த்தி, சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, வேதியியல் முறையில் பிரித்தெடுத்த பிறகே அதன் பீட்டாக் கதிரை எண்ண முடியும். அந்த வேலையையும் டிரிடியம் அளவீட்டையும் இவர்கள் பயின்று செய்கிறார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் கருவி கிடைத்தால் தப்பான எண்ணும் வீண் பீதியும்தானே மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. 2011இல் கடையில் வாங்கிய மலிவுக் கருவிகள் கண்டபடி எண் காட்டியதும் உண்மைதான். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது தடை உத்தரவு எதுவும் இல்லை. அளவுத்திருத்தம் செய்த கருவி, எழுதிவைத்த முறை, யாரும் மறுபடி செய்து பார்க்கக்கூடிய மாதிரி ஆகியவைதான் தீர்த்தன. மக்களிடம் கருவி இல்லாதபோது பீதி குறைவதில்லை. அதைச் சரிபார்க்க வழி இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

தொமியோக்கா, ஆறாம் எண் சாலை

இவாகியிலிருந்து வடக்கே போகும் ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலை, விபத்துக்குப் பின் 2014 செப்டம்பரில்தான் முழு நீளத்துக்கும் பொதுப் போக்குவரத்துக்கு மறுபடி திறந்தது. மலைப்பக்கம் இணையாக ஓடும் ஜோபான் விரைவுச்சாலையில், தூரம் காட்டும் பலகைகளுக்கு நடுவே மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று மின்னெழுத்தில் காட்டும் பலகைகளும் நிற்கின்றன. ஒக்குமா, ஃபுத்தாபா பக்கம் எண் ஏறும், தாண்டியதும் இறங்கும். தொமியோக்காவின் யொனோமொரி பகுதியில் சாலையின் இருபுறமும் செர்ரி மரங்கள் கூரைபோலக் கவிந்திருக்கின்றன. ஏப்ரலில் அந்தப் பூவைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அதே ஊரில் தெப்கோ 2018இல் திறந்த ஆவணக் காட்சியகம், பழைய அணுசக்தி விளம்பரக் கூடத்திலேயே நடக்கிறது. எடிசன், ஐன்ஸ்டைன், கியூரி ஆகியோரின் பிறந்த வீடுகளைப் போலக் கட்டிய முகப்புகள். உள்ளே போனால் நிறுவனத்தின் மன்னிப்பும், விபத்து நடந்த விதத்தின் விளக்கமும்.

இந்தச் சாலையில் அடிக்கடி காதில் விழும் எண் 0.23. மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் இருக்கும் பகுதிகளே மண் அகற்றும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒருவர் நாளில் 8 மணி நேரம் வெளியிலும், 16 மணி நேரம் மரவீட்டுக்குள்ளும் இருக்கிறார், வீட்டுச்சுவர் கதிரை நாற்பது விழுக்காடாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் கூடுதல் என்பது மணிக்கு 0.19 ஆகிறது. இயற்கையான 0.04ஐச் சேர்த்தால் 0.23. கணக்கில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் அதே அரசு, மக்கள் ஊர் திரும்பலாம் என்பதற்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். முதலாவது நீண்டகால இலக்கு, இரண்டாவது விபத்துக்குப் பிந்தைய இடைக்கால வரம்பு என்ற விளக்கம் சர்வதேசப் பரிந்துரைகளோடு ஒத்துப்போகிறது என்பதும் சரியே. ஆயினும் எந்த வரம்பு எப்போது பொருந்தும் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் ஊர்க்காரர் இல்லை. எண்ணைத் துல்லியமாக அளப்பது ஒரு பாதி. அந்த எண்ணோடு எதை ஒப்பிடுவது என்று தீர்மானிப்பது மறுபாதி. இரண்டாவது பாதி ஒருவர் கையிலேயே இருந்தால் முதல் பாதியின் துல்லியம் யாரையும் சமாதானப்படுத்தாது.

ஒக்குமா, ஃபுத்தாபா

தாயிச்சி நிலையம் இந்த இரண்டு ஊர்களின் எல்லைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி 1,600 ஹெக்டேர் நிலத்தில், மாவட்டம் முழுவதிலும் சுரண்டி எடுத்த மேல்மண் சேமிக்கப்பட்டுள்ளது. 2045க்குள் அதைப் புகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். விபத்துக்கு முன் ஃபுத்தாபாவில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்தார்கள். மறுபடி குடியிருக்க அனுமதி வந்தது 2022 ஆகஸ்டு 30இல். புது ரயில் நிலையத்தின் எதிரே நகராட்சிக் கட்டடம் பளபளக்க, இரண்டு தெரு தள்ளி ஓடு சரிந்த கடைகள் அப்படியே நிற்கின்றன.

அளவீட்டின் பெருந்தோல்வியும் இங்கேதான் நடந்தது. புகுஷிமா மாவட்ட நிர்வாகம் நிலையத்தைக் கண்காணிக்க வைத்திருந்த 24 நிலையான அளவீட்டு மையங்களில் 23 அந்த நாள்களில் பயன்படாமல் போயின என்று ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு பதிவுசெய்திருக்கிறது. சிலவற்றை அலை கொண்டுபோனது. மற்றவற்றுக்கு மின்சாரமும் தொடர்பும் அறுந்தன. விபத்தைச் சமாளிக்கவென்றே நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டரில் கட்டியிருந்த அவசர மையத்தில் கதிரியக்கத் தூசியை வடிகட்டும் காற்று வடிகட்டி இல்லை. அங்கே இருந்தவர்களே மார்ச் 15இல் புகுஷிமா நகருக்கு வெளியேற வேண்டியதாயிற்று. எட்டு நாளில் பாதியாகக் குறையும் அயோடின்-131தான் குழந்தைகளின் தைராய்டுக்கு ஆபத்து. அந்த மார்ச் மாதத்தில் தைராய்டில் நேரடியாகக் கதிர் அளந்து பார்த்தது 1,080 குழந்தைகளுக்கு மட்டும். இன்று எத்தனை கோடி செலவழித்தாலும் மற்றவர்களின் அந்த அளவைத் திரும்பப் பெற முடியாது. பின்னர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தைராய்டு பரிசோதனை நடத்தப்பட்டது. கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் எவ்வளவு பரிசோதனையின் விளைவு, எவ்வளவு கதிரின் விளைவு என்ற வாக்குவாதம் தீராமல் நீள்வதற்கு, அந்த முதல் வாரங்களின் வெற்றிடமும் ஒரு காரணம். கதிர்வீச்சினால் நேரடியாக விளைந்த உடல்நலக் கேடு எதுவும் புகுஷிமா மக்களிடம் பதிவாகவில்லை என்பது ஐநா அறிவியல் குழுவின் முடிவு. அதை ஏற்கலாம். ஆனால் அந்த முடிவின் பெரும்பகுதி பின்னாளில் மீளக் கணக்கிட்ட மதிப்பீடுகளின்மேல் நிற்கிறது. அன்றே அளந்த எண் இருந்திருந்தால் ஒரு தாய்க்குக் கிடைத்திருக்கக்கூடிய உறுதியை மதிப்பீடு தராது.

நிலையத்தின் தொட்டிகளில் சேர்ந்த நீரின் கதையும் இதையே சொல்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள், 13 லட்சம் டன் அளவு நீர். சுத்திகரித்தபின் டிரிடியம் மட்டுமே மிச்சம் என்ற எண்ணமே பொதுவெளியில் ஊன்றியிருந்தது. 2018இல் தொட்டி நீரில் பெரும்பகுதியில் ஸ்ட்ரான்ஷியம் போன்றவையும் வரம்பை மீறியிருப்பது வெளியே வந்தது. மறுபடி சுத்திகரிப்போம் என்றது தெப்கோ. சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொள்ளாமல் நீரை வெளியேற்றமாட்டோம் என்று 2015இல் மீனவர்களுக்கு அரசும் நிறுவனமும் வாக்குக் கொடுத்திருந்தன. மீனவர் எதிர்ப்பு நீடிக்கும்போதே 2023 ஆகஸ்டு 24இல் வெளியேற்றம் தொடங்கியது. வெளியேறும் நீரில் டிரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு 10,000. ஆக, எண்ணளவில் அச்சத்துக்கு இடம் குறைவு. சர்வதேச அணுசக்தி முகமையும் தன் ஆய்வகங்களில் சரிபார்க்கிறது. இருந்தும் சீனா அன்றே ஜப்பானிய மீனுக்குத் தடை போட்டது. அரசியல் கணக்கு அதில் கலந்திருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தடை தளர்ந்த வழியைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முகமையின் மேற்பார்வையில் சீன வல்லுநர்களும் மாதிரி எடுத்துத் தங்கள் ஆய்வகத்தில் அளந்தார்கள். அதன் பிறகே, 2025 ஜூனில், பத்து மாவட்டங்களைத் தவிர்த்து மற்றவற்றின் மீனுக்குக் கதவு திறந்தது. விஞ்ஞான விளக்கங்களால் திறக்காத கதவு அது. அரசியல் இறங்கி வருவதற்குக்கூடத் தன் கையால் மொண்ட நீர் ஒரு சாக்காகத் தேவைப்பட்டது.

நமியே, உக்கேதோ

நமியேயின் கடலோரப் பகுதியான உக்கேதோவில் சுனாமி தாக்கிய தொடக்கப்பள்ளியை இடிக்காமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் குன்றுக்கு ஓடித் தப்பினார்கள். ஊரில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்களைத் தேடும் பணி, மறுநாள் வந்த வெளியேற்ற உத்தரவால் பாதியில் நின்றது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் ஆறு கிலோமீட்டரில் தாயிச்சியின் உயர்ந்த புகைபோக்கிகள் இருக்கும் திசை. துறைமுகத்தில் மறுபடி படகுகள் நிற்கின்றன. ஊருக்குள் கடைகளில் தடித்த நூடுல்ஸும் பன்றிக்கறியும் முளைப்பயறும் சேர்த்து வதக்கிய நமியே யாகிசோபா கிடைக்கிறது. உழைப்பாளிகளின் பசிக்கு வந்த பண்டம் என்பது தட்டின் கனத்திலேயே தெரிந்துவிடும்.

மீனவர் குப்பமும் அணுஉலையும் ஒரே பார்வைக்குள் நிற்கும் இந்தக் காட்சி தமிழ்நாட்டுக்காரருக்குப் புதிதல்ல. கல்பாக்கத்தில் 2004 சுனாமி நீர் கடல்நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. புகுஷிமா நடந்த அதே 2011இல்தான் கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரையில் மீனவர் போராட்டம் பெருகியது. இந்தியாவில் ஒவ்வொரு அணுமின் நிலையத்தருகிலும் சுற்றுச்சூழல் ஆய்வகம் உண்டு. மீன், பால், அரிசி, மண், நீர் எல்லாவற்றையும் ஆண்டாண்டாக அளக்கிறார்கள். பொதுமக்கள் பெறும் அளவு 1 மில்லிசீவர்ட் வரம்பில் மிகச் சிறு பங்கு என்பதே அறிக்கைகளின் சாரம். அந்த வேலையின் தரத்தைக் குறைசொல்ல முகாந்திரம் இல்லை. ஆனால் அந்த ஆய்வகங்களை நடத்துவது பாபா அணு ஆராய்ச்சி மையம். உலையை நடத்தும் நிறுவனமும் அதே அணுசக்தித் துறையின் கீழ்தான். கண்காணிக்கும் ஒழுங்குமுறை வாரியம் 1983இல் நிர்வாக ஆணையால் பிறந்தது. அதற்குச் சட்டபூர்வமான தன்னாட்சி இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் சுட்டிக்காட்டினார். இன்னொரு சங்கதி: கன்னியாகுமரிக் கரையின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே மற்ற இடங்களைவிட அதிகம். அந்தக் கரைக்கும் பக்கத்துக் கரைகளுக்கும் அடிப்படை அளவு எது என்று ஊருக்குத் தெரியாவிட்டால், நாளை எண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வதந்திதான் வெல்லும்.

த்சுஷிமா வழியாக ஈதாதே

நமியேயிலிருந்து மேற்கே 114ஆம் எண் சாலை ஆற்றோடு வளைந்து மலையேறுகிறது. விபத்தின்போது ஆயிரக்கணக்கான நமியே மக்கள் கடற்கரையை விட்டு இந்த வழியாகத்தான் த்சுஷிமாவுக்கு ஓடினார்கள். காற்றும் அதே வழியாக வந்தது. மார்ச் 15 இரவு, நிலையத்துக்கு வடமேற்கே 20 கிலோமீட்டரில், நமியே எல்லைக்குள், அரசின் அளவீட்டு வாகனம் மணிக்கு 330 மைக்ரோசீவர்ட் பதிவுசெய்தது. மூன்று மணி நேரம் நின்றால் ஓராண்டு வரம்பு தீர்ந்துவிடும் அளவு. தங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது நமியே நகராட்சி தொடர்ந்து வைக்கும் குற்றச்சாட்டு. காற்றின் போக்கைக் கணித்த ‘ஸ்பீடி’ என்ற கணினி முறையின் படம் பொதுமக்களுக்கு வெளியானது மார்ச் 23இல். உலையிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்ற உள்ளீடே இல்லாத கணிப்பை வெளியிட்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும் என்று அதிகாரிகள் வாதிட்டார்கள். அந்தக் கணிப்பை மட்டும் நம்பி மக்களை நகர்த்தியிருக்க முடியாது என்பதை விசாரணைக் குழுவும் ஒப்புக்கொண்டது. இந்த வாதத்தை ஏற்றால், நிலத்தில் அளந்த எண்ணைச் சொல்லாமல் விட்டதற்கு இன்னும் கடுமையான பொறுப்பு வருகிறது. கணிப்பு ஐயத்துக்குரியது என்றால், அளந்ததையாவது அன்றைக்கே கையில் கொடுத்திருக்க வேண்டும்.

ஈதாதே பெரும்பாலும் 30 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருந்த கிராமம். மாட்டிறைச்சிக்குப் பேர்போனது. முதலில் இங்கே வெளியேற்றமே இல்லை. மழையும் பனியும் அந்த மார்ச் 15 மாலையில் இறக்கிய சீசியத்தை எண்கள் காட்டிக்கொண்டிருந்தும், ஏப்ரல் 22இல்தான் ஊரைக் காலி செய்யும் பகுதியாக அறிவித்தார்கள். 2017 மார்ச் 31இல் பெரும்பகுதிக்குத் தடை நீங்கியது. வயல்களில் மேல்மண் போய் மலைமண் வந்திருக்கிறது. வீடும் வயலும், காட்டின் ஓரத்தில் 20 மீட்டரும் மட்டுமே சுத்தம் செய்யப்பட்டன. ஊரின் முக்கால் பங்கு காடு. காளானும் கொஷியாபுரா துளிரும் பறித்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்த தலைமுறை, இன்று அவற்றைப் பறித்தால் சாப்பிடும் முன் ஊரின் சோதனைக் கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். அரசின் அளவீட்டுக் கம்பங்கள் சுத்தம் செய்த தரையில் நிற்பதால், பத்தடி தள்ளி உள்ள உண்மையைக் காட்டுவதில்லை என்ற குறை இங்கே பழையது. அதற்கு மாற்றாகத்தான் ‘சேஃப்காஸ்ட்’ என்ற தன்னார்வக் குழு, 2011 மார்ச்சிலேயே தொடங்கி, கார் சன்னலில் மாட்டும் சிறு கருவியை வடிவமைத்தது. ஐந்து நொடிக்கு ஒருமுறை அது இடத்தையும் எண்ணையும் சேர்த்துப் பதிகிறது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள், யாருக்கும் கட்டணமில்லை. அந்த வரைபடமும் அரசின் வரைபடமும் பெரும்பாலும் ஒத்துப்போயின என்பதுதான் முக்கியம். அரசு எண் பொய் இல்லை என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சியாக, அரசை நம்பாதவர்கள் எடுத்த எண்ணே வந்து நின்றது.

புகுஷிமா நகரம்

மலையிறங்கினால் பழத்தோட்டங்கள். கோடையில் பீச், அதன்பின் பேரி, ஆப்பிள். இந்த மாவட்டத்து அரிசி 2012 முதல் ஆண்டுக்கு ஒரு கோடி மூட்டை அளவில் ஒன்று விடாமல் சோதிக்கப்பட்டது. 2015 விளைச்சலிலிருந்து வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு குறைந்த எண்ணுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். 2020இலிருந்து பெரும்பாலான பகுதிகளில் மாதிரிச் சோதனைக்கு மாறியதை மக்கள் பெரிதாக எதிர்க்கவும் இல்லை. ஆனால் 2018இல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், எண் குறைந்துவிட்டதால் மாவட்டத்தின் ஏறத்தாழ 3,000 அளவீட்டுக் கம்பங்களில் 2,400ஐ அகற்றப்போவதாகச் சொன்னபோது ஊர்கள் கொதித்தன. பள்ளி முற்றத்திலும் பூங்காவிலும் சூரியத் தகட்டைத் தலையில் சுமந்துகொண்டு, சிவப்பு எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும் கம்பங்கள் அவை. உலைகளைப் பிரிக்கும் வேலை இன்னும் பல பத்தாண்டுகள் நடக்கும், அதுவரை இவை நிற்கட்டும் என்றார்கள். 2019 மே மாதம் ஆணையம் பின்வாங்கியது. சிக்கனம் பார்த்தவர்களுக்குக் கம்பம் என்பது புள்ளிவிவரம் தரும் சாதனம். ஊருக்கு அது, ஏதாவது நேர்ந்தால் மறைக்க முடியாது என்பதற்கான பிணை.

அளவீடு ஊரின் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்பதற்குப் பக்கத்து தாதே நகரம் சான்று. குடிமக்கள் அணிந்திருந்த கதிர் அளவிகளின் தரவை வைத்து, உண்மையில் உடலில் படும் அளவு அரசின் கணக்கைவிட மிகக் குறைவு என்று இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் வெளியாயின. தரவில் ஒரு பகுதி சம்மதம் தராதவர்களுடையது என்பதும், கணக்கில் பிழை இருந்ததும் தெரிந்து 2020இல் இதழ் அவற்றைத் திரும்பப் பெற்றது. வெளியில் அளந்த எண்ணைவிட ஆள் பெறும் அளவு குறைவு என்ற அடிப்படைக் கருத்து வேறு ஆய்வுகளிலும் தெரிவதுதான். ஆனால் சரியான கருத்துகூட, கேட்காமல் எடுத்த தரவின்மேல் ஏறி வந்தபோது விழுந்துவிட்டது.

இந்தக் கரையோரம் நெடுகிலும் கிடைக்கும் சான்றுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. எண் குறைவாக இருப்பதால் மட்டும் நம்பிக்கை வருவதில்லை. எண் தவறாக இருந்தால் பிடித்துவிட முடியும் என்ற வழி திறந்திருக்கும்போது வருகிறது. ஆகவே அணுஉலை உள்ள எந்த ஊரும் மூன்றைக் கேட்கலாம். உலை ஓடத் தொடங்குமுன் எடுத்த அடிப்படை அளவு ஊருக்குப் புரியும் மொழியில் கையில் இருக்க வேண்டும். ஆண்டுச் சராசரியோடு நிற்காமல், அந்தந்த நேரத்து எண் அப்படியே வெளியே தெரிய வேண்டும். உலையை நடத்துபவரின் துறையின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர், பல்கலைக்கழகமோ மீனவர் சங்கமோ, அதே மீனையும் அதே நீரையும் தனியே அளக்க உரிமையும் கருவியும் பெற வேண்டும். பாதுகாப்பு இரகசியம் இதில் குறுக்கே வராது. வேலிக்கு வெளியே வீசும் காற்றில் இரகசியம் எதுவும் இல்லை. அணுமின்சாரம் வேண்டுமா என்ற வழக்கில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் உலைகள் இருக்கும்வரை இந்த மூன்றும் தேவை. விபத்து நடந்தபின் கருவி வாங்கிய ஊர்கள் எதை இழந்தன என்பதற்கு, அந்த மார்ச் மாதத்தில் அளக்காமல் விட்ட குழந்தைகளின் கணக்கு ஒன்றே போதும்.